"வலி இருந்தா போட்டுக்கோங்க": டாக்டர்கள் இதைச் சொல்வதை நிறுத்த வேண்டும்

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் யாருக்காவது விலா எலும்பில் ஆபரேஷன் நடந்திருந்தால், நடக்கப் போகிறது என்றால், கடைசி வரை படியுங்கள். நெஞ்சு, வயிறு என்று எந்தப் பெரிய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருபவருக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

2/
ஒரு நோயாளியிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

34 வயதுப் பெண். பனியன் கம்பெனியில் டெய்லர். இரண்டு வருடமாக வலது கையில் மரமரப்பு. கையைத் தூக்கினால் விரலெல்லாம் வெளிறிப் போகும். கழுத்துத் தேய்மானம் என்று சொல்லி யார் யாரோ பெல்ட் போட்டுவிட்டார்கள். கடைசியில் எக்ஸ்ரேயில் தெரிந்தது, கழுத்தில் ஒரு கூடுதல் விலா எலும்பு. செர்விக்கல் ரிப் என்போம். கைக்குப் போகும் நரம்பையும் ரத்தக்குழாயையும் அது நசுக்கிக்கொண்டிருந்தது.

நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் அந்த எலும்பையும், அதற்குக் கீழே இருக்கும் முதல் விலா எலும்பையும் எடுத்தார்கள். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

3/
வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காயத்தைக் காட்ட என் கிளினிக்குக்கு வந்தார். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். காயம் சுத்தமாக இருந்தது. கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டார்:

"வலி மாத்திரை கண்டிப்பா போடணுங்களா டாக்டர்?"

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சொன்னேன்:

"வலி இருந்தா போட்டுக்கோங்க."

4/
எட்டாம் நாள் திரும்ப வந்தார். காய்ச்சல் 101. மூச்சு நிமிடத்துக்கு 30 தடவை, மேலோட்டமாக, நாய்க்குட்டிக்கு இரைப்பது போல. ஆக்சிஜன் 91. "நல்லா இழுத்து மூச்சு விடுங்கம்மா" என்றேன்.

"முடியலீங்க டாக்டர். இழுத்தா குத்துதுங்க."

கூட வந்த மாமியார் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். 15 மாத்திரையில் 13 அப்படியே இருந்தது.

"ரெண்டே ரெண்டுதானுங்க போட்டா. பல்லைக் கடிச்சுட்டு அத்தனை வலியையும் தாங்கிக்கிட்டாளுங்க."

சொல்லும்போது அந்தம்மா குரலில் ஒரு பெருமை இருந்தது. மருமகளைப் பற்றிய உண்மையான பெருமை.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி சுருங்கி, அங்கே நிமோனியா பிடித்திருந்தது. ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே திருப்பி அனுப்பினேன். ஆறு நாள் படுக்கை. பிழைத்துக்கொண்டார்.

5/
இதில் யார் மேல் தப்பு?

மாமியார் மேல் இல்லை. அவர் தலைமுறைக்குத் தெரிந்தது அதுதான். அந்தப் பெண் மேலும் இல்லை. அவர் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார்.

தப்பு என்னுடையது. "வலி இருந்தா போட்டுக்கோங்க" என்று சொன்னால் நம் ஊர் மனிதர் காதில் என்ன விழும்? "தாங்க முடியலைன்னா மட்டும் போடு, தாங்க முடிஞ்சா நீ கெட்டிக்காரி."

மற்ற ஆபரேஷன்களில்கூட இந்த வாக்கியத்தைச் சொல்லித் தப்பித்துவிடலாம். விலா எலும்பில் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

6/
கால் உடைந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கிறோம். அசையாத இடம் சீக்கிரம் வலி அடங்கும். விலாவுக்கு மாவுக்கட்டுப் போட முடியுமா? நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 21,600. சித்தர் மரபிலும் இதே கணக்குத்தான் சொல்வார்கள். தூங்கும்போதும் நிற்காது.

அதாவது வெட்டுப்பட்ட இடம் நாளைக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் அசைகிறது.

இன்னொன்று. ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் ஓரத்தை ஒட்டியே ஒரு நரம்பு ஓடுகிறது. எலும்பை எடுக்கும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்த நரம்பு இழுபடும், உரசப்படும். அதனால் இது வெறும் காய வலி கிடையாது. நரம்பு வலியும் சேர்ந்தது. சுருக்கென்று குத்தும், எரியும், கரண்ட் அடிக்கும்.

7/
இப்போது வலியை "தாங்கிக்கொண்டால்" உடம்பு என்ன செய்யும்?

வலிக்குது, அதனால் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டோம். இழுக்கவில்லை என்றால் நுரையீரலின் அடிப்பகுதியில் காற்று போகாது, அந்தக் காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும்.
வலிக்குது, அதனால் இரும மாட்டோம். சளி அங்கேயே தேங்கும். தேங்கிய சளியில் கிருமி வளரும். நிமோனியா.
வலிக்குது, அதனால் நடக்க மாட்டோம். காலில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.
வலிக்குது, அதனால் கையை அசைக்க மாட்டோம். தோள்பட்டை இறுகிவிடும்.

வலி மாத்திரை இங்கே சொகுசு இல்லை. ஆன்டிபயாடிக் மாதிரி அதுவும் ஒரு சிகிச்சை. இந்த த்ரெட்டில் ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வைப்பீர்கள் என்றால், இதை வையுங்கள்.

8/
விலா எலும்பு எடுப்பது என்றால் எல்லாருக்கும் ஒரே காரணம் இல்லை. மேலே சொன்னது போல நரம்பு நசுங்குவதற்காக எடுப்பார்கள். விலாவில் கட்டி வந்தால் எடுப்பார்கள். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டி நாள்பட்டுப் போனால் சீழ் வெளியேற வழி செய்ய ஒரு துண்டு எடுப்பார்கள். காது மடல் இல்லாமல் பிறந்த குழந்தைக்குப் புதுக் காது செய்ய விலாவின் குருத்தெலும்பை எடுப்பார்கள்.

காரணத்தைப் பொறுத்து உங்கள் சர்ஜன் சொல்லும் கட்டுப்பாடுகள் மாறும். அவர் சொன்னதற்கும் நான் சொல்வதற்கும் முரண்பாடு வந்தால், அவர் சொன்னதைக் கேளுங்கள். வலி, மூச்சு, நடை ஆகிய மூன்றும் எல்லாருக்கும் பொது.

9/
முதலில் மாத்திரை.

கடிகாரம் பார்த்துப் போடுங்கள், வலி பார்த்துப் போடாதீர்கள். முதல் ஒன்று, இரண்டு வாரங்களுக்கு, டாக்டர் எழுதிக்கொடுத்த நேரத்துக்கு, வலி இல்லாவிட்டாலும். வலி உச்சிக்குப் போன பிறகு போட்டால் மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். அடங்கவும் மாட்டேன் என்கும். அடங்கியிருக்கும் வலியை அடக்கியே வைப்பது சுலபம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நரம்புக்கு மரப்பு ஊசியோ, முதுகில் சின்னக் குழாயோ போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வரும் நேரத்தில் அதன் பலன் தீர்ந்திருக்கும். "ஆஸ்பத்திரில நல்லாத்தான் இருந்துச்சு, வீட்டுக்கு வந்தப்புறம்தான் வலி ஜாஸ்தி" என்று சொல்வது இதனால்தான். ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் அந்த நாட்களில் மாத்திரையைத் தவறவிடவே கூடாது.

10/
மருந்துச் சீட்டில் பெரும்பாலும் மூன்று நான்கு வகை இருக்கும். ஏன் இத்தனை என்று பயந்து பாதியை விட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றும் வலியை ஒவ்வொரு இடத்தில் தடுக்கிறது. சேர்ந்து வேலை செய்தால் எதையும் பெரிய டோஸில் கொடுக்க வேண்டியதில்லை.

பாராசிட்டமால்: இதுதான் அஸ்திவாரம். பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம் ஒரு நாளைக்கு நான்கு வேளை என்றால் 2,600. எந்தக் காரணத்தாலும் 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. ஒல்லியான உடம்பு, ஈரல் பிரச்னை, குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அசிக்ளோஃபினாக், ட்ரமடால் என்று வேறு பெயரில் வரும் பல மாத்திரைகளுக்குள் பாராசிட்டமாலும் கலந்தே இருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். புரியவில்லை என்றால் மருந்துக் கடையில் "இதுல பாராசிட்டமால் இருக்கா?" என்று கேளுங்கள். தெரியாமலேயே இரட்டை டோஸ் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

11/
ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை: நல்ல மருந்துகள். சாப்பாட்டுக்குப் பிறகு, டாக்டர் சொன்ன நாள் வரை மட்டும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதயச் செயலிழப்பு இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், இந்த வகை ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமா இருந்தால், வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். உங்களுக்கு இது வேண்டாம்.

ட்ரமடால்: கொஞ்சம் பலமானது. 2018ல் இருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதனால் சீட்டு இல்லாமல் கிடைக்காது. டாக்டர் சொன்ன அளவில், சில நாட்கள் போட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. தலைசுற்றல், குமட்டல், மலச்சிக்கல் வரலாம். வலிப்பு நோய் இருந்தாலோ, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தாலோ முன்கூட்டியே சொல்லவும். சாராயத்தோடு சேரவே கூடாது.

கபாபென்டின், பிரிகாபலின்: நரம்பு வலிக்கு. தூக்கம் வரும். இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. திடீரென்று நீங்களாகவே நிறுத்தவும் கூடாது.

குறைக்கும்போது பலமானதை முதலில் குறைக்க வேண்டும். பாராசிட்டமாலைக் கடைசியில் விட வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

12/
"டாக்டர், வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்னு சொல்றாங்களே?"

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மூட்டு வலிக்கு மெடிக்கலில் "ரெண்டு செட் குடுப்பா" என்று பேர் தெரியாத மாத்திரையை வருடக்கணக்கில் வாங்கிப் போட்டு, டயாலிசிஸில் போய் உட்கார்ந்தவர்களை நம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயம் நியாயம்.

ஆனால் சிறுநீரகம் நல்லபடியாக இருக்கும் ஒருவர், சீட்டோடு, பத்துப் பதினைந்து நாள், தண்ணீர் நன்றாகக் குடித்துக்கொண்டு போடுவது வேறு. செட் மாத்திரைக்கான பயத்தை ஆபரேஷன் மாத்திரை மேல் காட்டாதீர்கள். இதில் வேடிக்கை, செட் மாத்திரையை வருடக்கணக்கில் பயப்படாமல் போடும் அதே வீட்டில்தான் டிஸ்சார்ஜ் மாத்திரைக்குப் பயப்படுகிறார்கள்.

13/
வலி பூஜ்யம் ஆகுமா? ஆகாது. அதை எதிர்பார்த்து மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம்.

பத்துக்கு எத்தனை என்று கேட்பதைவிட நான் இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன்.
நல்லா இழுத்து மூச்சு விட முடியுதா?
இரும முடியுதா?
எழுந்து வாசல் வரைக்கும் நடக்க முடியுதா?

மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் வலி கட்டுக்குள் இருக்கிறது. ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் மாத்திரை போதவில்லை என்று அர்த்தம். டாக்டரைக் கூப்பிடுங்கள். பல்லைக் கடிக்க வேண்டாம்.

14/
அடுத்தது, அந்த மூன்று பந்து மிஷின்.

டிஸ்சார்ஜ் பையில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கொடுத்திருப்பார்கள். நீலக் குழாய், உள்ளே மூன்று பந்து. நம் வீடுகளில் இதற்குப் பெயர் "பந்து ஊதுற மிஷின்". பெயரிலேயே தப்பு. அதை ஊதக் கூடாது. உறிஞ்ச வேண்டும். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல, மெதுவாக, ஆழமாக.

நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளே இழுங்கள். பந்து மேலே ஏறும். ஏறிய பிறகு இரண்டு மூன்று நொடி பிடித்து விடுங்கள். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை. மூன்று பந்தும் ஏறவில்லையே என்று கவலை வேண்டாம். இன்று ஒன்று, நான்கு நாளில் இரண்டு ஏறினால் போதும்.

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் செய்தால் சுலபமாக வரும். மருந்தையும் மூச்சுப் பயிற்சியையும் இப்படி ஜோடி சேர்ப்பதுதான் சூட்சுமம்.

15/
இருமல். எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். "இருமுனா தையல் பிரிஞ்சுடுமோ?" பிரியாது.

ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடியுங்கள். வெட்டுப் பட்ட பக்கத்தை அது அணைத்துப் பிடிக்கட்டும். இரண்டு மூச்சு நன்றாக இழுத்துவிட்டு, கண்ணாடியில் ஆவி பிடிக்க "ஹா" என்று ஊதுவோமே, அதுபோல இரண்டு தடவை. பிறகு ஒரு இருமல். சளி வந்தால் துப்புங்கள், விழுங்க வேண்டாம். தும்மல், சிரிப்பு, விக்கல் எதற்கும் அந்தத் தலையணைதான் துணை. சில வாரம் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பீடி, சிகரெட் கூடவே கூடாது. சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி இரண்டையும் அந்த அறையில் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள்.

16/
படுப்பது, எழுவது.

மட்டமாகப் படுத்தால் வலி கூடும், மூச்சும் சிரமம். இரண்டு மூன்று தலையணை வைத்து முதுகைச் சாய்த்துப் படுங்கள். வீட்டில் பழைய சாய்வு நாற்காலி இருந்தால் முதல் வாரத்துக்கு அதைவிட நல்ல படுக்கை கிடையாது.

தரையில் பாய் போட்டுப் படுக்கும் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்ச நாள் கட்டிலுக்கு மாறுங்கள். பாயிலிருந்து எழும்போது கையை ஊன்றி மொத்த பாரத்தையும் தோளில் கொடுக்கிறோம். அதேபோல உட்கார்ந்து எழும் கழிவறை. மேலே நாற்காலி மாதிரி ஸ்டாண்ட் வாடகைக்குக் கிடைக்கும், வாங்கி வையுங்கள்.

எழும்போது நேராக நிமிரக் கூடாது. ஆபரேஷன் ஆகாத பக்கம் புரளுங்கள். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்க விடுங்கள். கீழ்ப்பக்க முழங்கையால் தள்ளி உட்காருங்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து நில்லுங்கள். கையைப் பிடித்துத் தூக்கிவிட வரும் அன்பான உறவினர்களைத் தடுத்துவிடுங்கள். அந்த ஒரு இழுப்பில் உயிரே போய்விடும்.

17/
நடை. முதல் நாளிலிருந்தே. வீட்டுக்குள் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். "ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க" என்று பகல் முழுக்கப் படுத்தே கிடப்பது ரெஸ்ட் இல்லை, ஆபத்து.

கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டே திரியாதீர்கள். சர்ஜன் அனுமதித்த அளவுக்குள் தோளை மெதுவாகச் சுழற்றுங்கள். சுவரில் விரல்களால் படியேறுவது போலக் கையை மேலே கொண்டு போங்கள். சுளீரென்றால் அதோடு நிறுத்துங்கள்.

முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, ஜிப் வைத்த நைட்டி. தலைவழியாக மாட்டும் எதுவும் வேண்டாம்.

தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, இடுப்பில் குழந்தை, ஈரத்துணி வாளி எதையும் தூக்கக் கூடாது. இரண்டு கிலோவுக்கு மேல் என்றாலே யோசியுங்கள். எத்தனை வாரம் என்பதைச் சர்ஜனிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். டூவீலரில் பின்னால் உட்கார்ந்து போவதும் வேண்டாம், நம் ஊர் வேகத்தடைகள் விலாவுக்கு எதிரி.

18/
இங்கே கொஞ்சம் கசப்பான ஒன்று.

ஆணுக்கு ஆபரேஷன் என்றால் வீடே அடங்கி நடக்கும். சாப்பாடு கட்டிலுக்கு வரும். பெண்ணுக்கு ஆபரேஷன் என்றால் நாலாம் நாள் "சும்மா குக்கர் மட்டும் வெச்சுரும்மா" என்று ஆரம்பிக்கும். அப்புறம் தேங்காய் துருவுவது. அப்புறம் துணி.

என் நோயாளியிடம் பின்னால் விசாரித்தபோது தெரிந்தது. ஐந்தாம் நாள் மாவாட்டி, சட்டியைத் தூக்கி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. வலி மாத்திரை போட்டால் "இன்னும் சரியாகலையா?" என்று கேட்பார்களோ என்ற கூச்சத்தில்தான் மாத்திரையையும் போடாமல் இருந்திருக்கிறார்.

"பல்லைக் கடிச்சுட்டுத் தாங்கிக்கிட்டா" என்று நாம் பெருமையாகச் சொல்வதன் மறுபக்கம் இதுதான். பிரசவ வலியைக் காட்டி, மற்ற எல்லா வலியையும் சின்னதாக்கிவிடுகிறோம். வீட்டு ஆண்களுக்கு நேரடியாகவே சொல்கிறேன்: ஆறு வாரத்துக்கு அடுப்பும் குடமும் உங்கள் பொறுப்பு. அதுவும் சிகிச்சைதான்.

19/
சாப்பாடு. பத்தியம் என்ற பெயரில் ரசம் சாதமும் பிரெட்டும் மட்டும் கொடுத்து உடம்பை வற்ற வைக்காதீர்கள். முட்டை சாப்பிட்டால் புண் சீழ் வைக்காது. மீன், கோழி, பருப்பு, சுண்டல், பால், தயிர் எல்லாம் தாராளமாக. காயம் ஆறப் புரதம் வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், காயம் ஆறுவதில் பாதி வேலை அது.

மலச்சிக்கலை அலட்சியம் செய்யாதீர்கள். வலி மாத்திரையாலும் படுக்கையாலும் கட்டாயம் வரும். முக்கினால் விலா வலி உயிரை எடுக்கும். வலிக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்களைவிட, மலச்சிக்கலுக்குப் பயந்து நிறுத்துகிறவர்கள் எனக்குத் தெரிந்து அதிகம். தண்ணீர், கீரை, பழம். போதாவிட்டால் டாக்டரிடம் ஒரு மலமிளக்கி கேளுங்கள்.

20/
செய்யவே கூடாதவை:

காயத்தின் மேல் மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி, தைலம் எதுவும் வேண்டாம்.
சுளுக்கு எடுப்பது, உருவி விடுவது, எண்ணெய் போட்டு நீவுவது வேண்டவே வேண்டாம்.
வெந்நீர்ப் பை: ஆபரேஷன் ஆன இடத்தைச் சுற்றித் தோல் மரத்துப் போயிருக்கும். சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஐஸ் வைப்பதானாலும் துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம்தான்.
நெஞ்சைச் சுற்றி இறுக்கமாகத் துணியோ பெல்ட்டோ கட்டாதீர்கள். வலி குறைந்த மாதிரி இருக்கும், மூச்சு அடைபடும்.

21/
உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். இதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திடீர் மூச்சுத்திணறல், அல்லது ஆக்சிஜன் 94க்குக் கீழே.
100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல்.
சளியில் ரத்தம், அல்லது பச்சை, மஞ்சள் நிறச் சளி.
காயத்தில் சீழ், நாற்றம், கூடிக்கொண்டே போகும் சிவப்பு.
ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது.
கை வீங்குவது, நீலம் பாய்வது, ஜில்லென்று ஆவது, திடீரெனப் பலம் குறைவது.
குறைந்துகொண்டு வந்த வலி திடீரென்று ஏறுவது.

மூச்சுத்திணறல் என்றால் யோசிக்காமல் 108. சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104.

22/
சிலருக்குக் காயம் ஆறிய பிறகும் எரிச்சல், மரமரப்பு, துணி பட்டாலே கூசுவது என்று நீடிக்கும். சில வாரம் இருப்பது சகஜம். 3 மாதத்தைத் தாண்டினால் அதை நாள்பட்ட வலி என்று எடுத்து, தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும். வைத்தியம் இருக்கிறது. "எல்லாம் மனசுதான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது நரம்பு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆரம்ப நாட்களில் வலி சரியாக அடக்கப்படாதவர்களுக்கே இந்த நாள்பட்ட வலி அதிகம் வருகிறது. தாங்கிக்கொண்டால் பழகிவிடும் என்பார்கள். நரம்பு அப்படிப் பழகாது, அது வலியைக் கற்றுக்கொள்ளும்.

23/
விலா எலும்பு எடுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. காசநோய்க்கு மருந்து வராத காலத்தில், நுரையீரலில் விழுந்த ஓட்டையை மூட வைக்க வரிசையாகப் பல விலா எலும்புகளை எடுத்து நெஞ்சை அமுங்க வைப்பார்கள். நோயாளிகள் சானடோரியத்தில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கிடப்பார்கள். மருந்து வந்த பிறகும், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் குணமாகும் என்றே உலகம் நம்பியது.

அதை உடைத்தது நம் சென்னை. 1956ல் தொடங்கிய ஆய்வில், ஒரே மருந்தை ஒரு பாதி நோயாளிகளுக்குச் சானடோரியத்திலும், இன்னொரு பாதிக்கு அவர்களுடைய ஏழை வீடுகளிலும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருட முடிவில் கிட்டத்தட்ட ஒரே பலன். 1959ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தையே மாற்றியது.

வீடும் ஆஸ்பத்திரிக்குச் சமமாக முடியும் என்று நிரூபித்த ஊர் இது. ஆனால் அங்கே ஒரு விஷயம் இருந்தது. வீட்டுக்கு மருத்துவக் குழு போனது. மாத்திரை போட்டாரா என்று எண்ணிப் பார்த்தது.

நாம் இன்று நோயாளியை மட்டும் வீட்டுக்கு அனுப்புகிறோம். கூட யாரையும் அனுப்புவதில்லை.

24/
அதனால் என் சக மருத்துவர்களுக்கு என் கோரிக்கை.

"வலி இருந்தா போட்டுக்கோங்க" என்பதை விட்டுவிடுவோம். "காலை 6, மதியம் 12, சாயங்காலம் 6, ராத்திரி 12. வலி இருந்தாலும் இல்லாட்டியும். இந்தத் தேதி வரைக்கும்" என்று தமிழில் எழுதிக் கொடுப்போம். நோயாளியிடம் மட்டும் சொல்லாமல், வீட்டில் யார் முடிவெடுக்கிறார்களோ அவரையும் உட்கார வைத்துச் சொல்வோம். மூன்று பந்து மிஷினை ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிப் பார்ப்போம். மூன்றாம் நாள் ஒரு போன் போடச் சொல்வோம். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். நான் அன்று அதைக் கொடுக்கவில்லை. அந்தப் பெண் ஆறு நாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் அதற்கு விலை கொடுத்தார்.

பொதுமக்களுக்கு: நாங்கள் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று எழுந்து போகாமல் கேளுங்கள். "எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனை நாள், எதை முதல்ல நிறுத்தணும், எத்தனை கிலோ தூக்கலாம், யாருக்கு போன் பண்ணணும்?" பிசியோதெரபி வீட்டிலேயே தேவைப்பட்டால் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

25/
அந்தப் பெண் இரண்டாம் தடவை டிஸ்சார்ஜ் ஆகி வந்தபோது மாமியாரையும் உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். முதல் தடவை சரியாகச் சொல்லாதது என் தப்பு என்றும் சொன்னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன் பட்டன் போனை நீட்டினார்.

"இதுல நாலு வேளைக்கும் அலாரம் வெச்சுக் குடுங்க டாக்டர். ராத்திரிக்கும் சேர்த்து. நான் எழுந்து குடுத்துக்கறேனுங்க."

வைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்தபோது மாத்திரை அட்டை காலி. மூன்று பந்தில் இரண்டு ஏறுகிறது என்று மருமகளுக்கு முன்னால் மாமியாரே சொன்னார். இந்தத் தடவையும் அதே பெருமை குரலில் இருந்தது.

இப்போது மருமகள் மறுபடி தையல் மிஷினில் உட்கார்கிறார்.

தேவைப்படும் ஒருவருக்கு இதை அனுப்பி வையுங்கள்.